மீன் படாத சட்டி

நாகர்கோவில், ஆஸ்பத்திரி
27 ஜனவரி 2025

தங்கச்சி பகவதியம்மாளுக்கு, தாழக்குடி அண்ணன் கணபதியப்பன் சொல்ல எழுதியது.

எழுதுகிற கை என்னுடையது அல்ல. அப்பா செத்த வருசம் எனக்கு எட்டு வயது, அன்றைக்குப் பிடித்த கலப்பை, எழுத்து ஒட்டவே இல்லை. பக்கத்து நாற்காலியில் இருந்து மருந்து ஏற்றிக்கொள்கிற ஏசுஅடிமை எழுதுகிறார். அருமனையில் ரப்பர் பால் வெட்டினவர். அவருக்கும் எனக்கும் ஒரே வியாதி, இருபத்தொரு நாளைக்கு ஒரு முறை ஒரே கிழமையில் ஊசி.

போனில் பேசிவிடலாமே என்று மகன் சுதன் சொன்னான். போன் என்றால் நீ பேசாமல் இருக்கும்போது மூச்சு கேட்கும். அதைக் கேட்க எனக்குத் திராணி இல்லை.

ஆவணியில் சோறு இறங்காமல் போயிற்று. குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் கட்டி. ஈரலிலும் இரண்டு பொட்டு விழுந்திருக்கிறது. அறுத்து எடுக்கிற நிலை தாண்டிவிட்டது. இப்போது ஏற்றுகிற மருந்து கட்டியை அடிக்கிறது. அதோடு இன்னொரு ஊசி, உடம்பில் இருக்கிற காவலைத் தட்டி எழுப்புகிறது.

இனி எழுதுவதுதான் நான் கேட்க வந்தது. (எழுதுகிறவன்: பெரியவர் இந்த இடத்தில் அதுவரை எழுதினதை எல்லாம் திரும்ப வாசிக்கச் சொன்னார்.)

டாக்டர் நந்தனா என்று ஒரு பெண். அவள் சொன்னதை அப்படியே சொல்லுகிறேன். "அப்பா, குடல்ல கோடிக்கணக்கா கிருமி உண்டு. நல்ல கிருமியும் உண்டு. அது நெறய உள்ளவங்களுக்கு இந்த ஊசி கூடுதலா பிடிக்குதுன்னு சில இடத்துல பாத்திருக்காவ. நமக்கு உறுதியாத் தெரியாது. தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி. நல்ல ஆரோக்கியமா உள்ள ஒருத்தரோட மலத்துல இருந்து அந்தக் கிருமிய எடுத்து, மாத்திரையா அடைச்சுத் தருவோம். ஊசியும் டிரிப்பும் அதுபாட்டுக்கு நடக்கும்."

அப்படி ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த ஆள் காய்ச்சலுக்குக் கிருமி கொல்கிற மருந்து தின்றுவிட்டார், நல்ல கிருமியும் செத்திருக்கும், இனி ஆறு மாசம் அவர் ஆகாது. சொந்தத்தில் ஐம்பது வயதுக்குள், சர்க்கரை, பிரசர் இல்லாதவர் இருந்தால் சீக்கிரம் தொடங்கலாம் என்கிறார்கள். சுதனைச் சோதித்தார்கள். துபாயில் வேலைக்கு இருந்து தின்ற சாப்பாடு, ஈரலில் கொழுப்பு, தள்ளிவிட்டார்கள். மருமகள் சுனிதா போன மாசம் இருமலுக்கு அதே மாதிரி மருந்து குடித்தாள். வேறு யாரும் இல்லை.

உன் மகள் லிஜா பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் என்று கேள்விப்பட்டேன்.

முப்பத்து மூன்று வருசம் கழித்து அண்ணன் முதல்முதலாகக் கேட்கிற பொருள் இது. நீ இந்தக் கடுதாசியைக் கிழித்தாலும் எனக்குச் சொல்ல வாயில்லை.

கணபதியப்பன்

*

இனயம்
5 பிப்ரவரி 2025

அண்ணன் கணபதியப்பனுக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு நாள் அரிசிப் பானைக்குள் வைத்திருந்தேன். பிறகு அவருக்கும் லிஜாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

நம் வீட்டு டீசல் பம்பைப் பழுதுபார்க்க வந்த ததேயுசோடு நான் இந்தக் கடற்கரை ஊருக்கு வந்துவிட்டது தப்பு என்றே வையுங்கள். அதற்கு என்னை விலக்கினீர்கள், சரி. ஆனால் அம்மா செத்த அன்றைக்கு ஆறு வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று பஸ் மாறி வந்தேன். முற்றத்துத் தென்னைக்கு இந்தப்புறம் நில்லு என்றீர்கள். பிள்ளை தண்ணீர் கேட்டது. வீட்டில் இருபது டம்ளர் இருந்தது. நீங்கள் உங்கள் கையால் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றித் தந்தீர்கள். பிள்ளை அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே குடித்தது.

நீங்கள் எதையும் மறக்கிற ஆள் இல்லை. அதனால் நினைவுபடுத்தவில்லை. ஒரு தாளில் இருக்கட்டும் என்று எழுதிவைக்கிறேன்.

நான் வேண்டாம் என்றுதான் லிஜாவிடம் சொன்னேன். அவள் சொன்னது இது. "எம்மா, இதுல யோசிக்க என்ன கெடக்கு? தெனமும் சும்மா போறதுதானே." அவர் நாற்காலியிலிருந்து விழப்போனார், அப்படிச் சிரிப்பு. "மச்சானுக்குக் கடைசில இனயத்துச் சரக்குதான் வேணும் போல" என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

திங்கள்கிழமை அவள் சோதனைக்கு வருகிறாள். அவள் உங்களுக்காக வருகிறாள். நான் அனுப்பவில்லை.

பகவதி
(சர்ச்சில் எனக்கு வேறு பெயர் உண்டு. உங்களுக்கு அது வேண்டாம்.)

*

நாகர்கோவில், ஆஸ்பத்திரி
10 மார்ச் 2025

பகவதிக்கு,

உன் கடுதாசி போன மாசமே வந்துவிட்டது. வீட்டில் சுனிதாவை வாசிக்கச் சொல்ல மனம் வரவில்லை. உறையைப் பிரிக்காமல் மடியில் வைத்து நடந்தேன். மருந்து நாளில் ஏசுஅடிமை மெதுவாக வாசித்தார். அவர் சிரட்டை வந்த இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அன்றைக்குக் கடுதாசியைத் திரும்ப மடியில் வைத்துக்கொண்டேன். இன்றைக்குத்தான் சொல்லுகிறேன்.

நீ எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று. அந்தச் சிரட்டையின் கண் திறந்திருந்தது. தண்ணீர் ஒழுகிற்று. உன் பிள்ளை கீழே விரலை வைத்து அடைத்துக்கொண்டு குடித்தாள். மஞ்சள் சட்டை, முன்பக்கம் நனைந்துவிட்டது. பங்குனி இருபத்தேழு. நான் ஓட்டைச் சிரட்டையைத் தேடி எடுக்கவில்லை. ஆனால் ஓட்டை என்று தெரிந்த பிறகும் மாற்றவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. சுனாமி வந்த மறுநாள் நான் உங்களைப் பார்க்கக் கிளம்பினேன். பஸ் கருங்கலோடு நின்றுவிட்டது. மீதியை நடந்திருக்கலாம். அங்கே சோடாக்கடையில் ஒருவன், ததேயுஸ் வீட்டில் எல்லோரும் பத்திரம் என்றான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். பார்க்காமல் திரும்ப எனக்கு ஒரு சாக்கு கிடைத்தது, அதுதான் உண்மை.

லிஜாவுக்கு எல்லாச் சோதனையும் சரியாக இருந்தது. ஆரோக்கியம் என்றால் இதுதான் என்று டாக்டரே சொன்னாள். விடியும்போதே ஸ்கூட்டரில் வந்து, இங்கேயே வெளிக்குப் போய்க் கொடுத்துவிட்டு நேராகப் பள்ளிக்கூடம் போகிறாளாம். ஒரு நாள் வெளிக்கு வரவில்லை என்று ஒன்பது மணிவரை மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறாள். நர்ஸ்மார் சொல்லிச் சிரிக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் "மாமா" என்றாள். நெற்றி நம் அம்மாவுடையது. தலையை மட்டும் ஆட்டினேன்.

நேற்றும் இன்றுமாக முப்பது மாத்திரை விழுங்கினேன். மணமும் இல்லை, ருசியும் இல்லை. நர்ஸ் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். இனி வெள்ளிக்கிழமைதோறும் ஆறு, வீட்டில். ஐஸ்பெட்டியில் வைக்கத் தந்திருக்கிறார்கள். ஊரில் யாருக்கும் சொல்லவில்லை.

கணபதியப்பன்

*

இனயம்
22 மார்ச் 2025

அண்ணனுக்கு,

கருங்கல் விசயத்தை வாசித்துவிட்டுக் கொஞ்ச நேரம் கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். வந்திருக்கலாம் அண்ணா. வீட்டில் அன்றைக்குக் கூரை இல்லை, ஆனால் எல்லோரும் இருந்தோம்.

லிஜாவுக்குக் கடைவாய்ப் பல் சொத்தை, பத்து நாளாக வலி. பல் டாக்டர் கிருமி கொல்கிற மாத்திரை ஐந்து நாள் தின்ன வேண்டும், பிறகு பிடுங்கலாம் என்கிறார். இவள் தின்ன மாட்டாளாம். தின்றால் வயிற்றில் உள்ள நல்லதும் செத்துவிடும், ஏப்ரலில் மாமாவுக்கு இன்னொரு தடவை கொடுக்க வேண்டும் என்கிறாள். உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு, விசில் ஊத முடியாமல் கையைத் தட்டிப் பிள்ளைகளை ஓட வைக்கிறாள். வெளியில் பரோட்டா தின்னக்கூட மறுக்கிறாள். "எனக்குள்ள இப்போ மாமாவோட மருந்துக்கடை இருக்கும்மா" என்கிறாள்.

உங்களுக்கு இது தெரிய வேண்டும் என்று தோன்றியது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சோறு இறங்குகிறதா?

பகவதி

*

நாகர்கோவில், ஆஸ்பத்திரி
31 மார்ச் 2025

பகவதி,

ஏசுஅடிமை இப்போதுதான் உன் கடுதாசியை வாசித்து முடித்தார். இதற்குப் பதில் சொல்லாமல் நான் எழுந்து வீட்டுக்குப் போனால் மனுசன் அல்ல.

அந்த மாத்திரையை நான் வீட்டில் தின்னவில்லை.

(எழுதுகிறவன்: இதைக் கேட்டதும் நான் பேனாவை மூடிவிட்டேன். "இத நான் எழுத மாட்டேன் ஓய், போய் டாக்டர்ட்ட சொல்லும்" என்றேன். "மொதல்ல அவளுக்கு எழுதும், பொறவு டாக்டர்" என்றார். சண்டை போட்டோம். நர்ஸ் வந்து அதட்டின பிறகு எழுதுகிறேன்.)

எப்படி நடந்தது என்று சொல்லுகிறேன், நியாயம் சொல்லவில்லை. சுனிதா யாரிடமோ வாயை விட்டிருக்கிறாள். முதல் வெள்ளிக்கிழமை காலையில் டீக்கடைக்குப் போனேன். வைகுண்டராஜன் பத்துப் பேருக்கு நடுவில் கேட்டான். "என்ன ஓய், சைவப்பிள்ளைமாரு வயித்துல இனயத்து மீனு நீந்துதாமே? வாளைமீனா, சாளைமீனா?" கடை முழுக்கச் சிரிப்பு. அவன் கெட்டவன் அல்ல. என் வயலில் தண்ணீர் திருப்ப ஆளில்லாதபோது அவன்தான் வருவான். நானும் சிரிக்கிற மாதிரி பல்லைக் காட்டிவிட்டு டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

சுனிதா தட்டில் ஆறு மாத்திரை வைத்து நீட்டினாள். "காத்தாட நின்னு முழுங்குகேன்" என்று முற்றத்துக்குப் போனேன். தென்னைமூட்டில் மண்வெட்டி கிடந்தது. குழி தோண்டிப் போட்டு மூடிவிட்டு, தண்ணீரை மட்டும் குடித்தேன். "முழுங்கினியளா மாமா?" என்றாள். ஆமா என்றேன். இப்படி மூன்று வெள்ளிக்கிழமை. பதினெட்டு.

வாயில் வைக்க அருவருப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் முப்பது விழுங்கினவன்தானே. உயிர் வேண்டும் என்று உன்னிடம் கேட்கும்போது எனக்கு இனயம் இனித்தது. ஊருக்குத் தெரிந்ததும் கசந்தது. ஒரு டீக்கடைச் சிரிப்பு என் உயிரைவிடப் பெரிதாகிவிட்டது. பல் வலியைப் பொறுத்துக்கொண்டு இன்னும் தரக் காத்திருக்கிற உன் பிள்ளை தந்ததை, அவளுக்குச் சிரட்டை கொடுத்த அதே தென்னைமூட்டில் புதைத்தேன். மூன்றாவது முறை குழி தோண்டும்போதுதான் அது அதே இடம் என்று எனக்கு உறைத்தது. அப்போதும் நிறுத்தவில்லை.

லிஜாவை உடனே பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. எனக்காக அவள் ஒரு நாள்கூட வலி தின்ன வேண்டாம்.

கணபதியப்பன்

*

இனயம்
8 ஏப்ரல் 2025

கணபதியப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடுதாசி வந்த அன்றைக்கு அவள் கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, இனி உன்னிடம் எடுக்க வேண்டியதில்லையாம் என்று அவளிடம் பொய் சொன்னேன். அன்றைக்கே மாத்திரை தொடங்கினாள். நேற்றுப் பல்லைப் பிடுங்கினார்கள். உள்ளே சீழ். இன்னும் நாலு நாள் விட்டிருந்தால் தாடை எலும்புக்குப் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அவளுக்கு என்ன சந்தோசம் தெரியுமா? "அப்போ மாமாவுக்கு இருக்கதே போதுமாயிருக்கும், பிடிச்சிருக்கும்" என்கிறாள். நான் அடுக்களைக்குள் போய்விட்டேன்.

சிரட்டையை நான் பொறுத்தேன். அன்றைக்கு உங்களுக்கு எங்களிடம் ஒன்றும் தேவையில்லை. தேவையில்லாதவன் விரட்டினான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இது அப்படி இல்லை. கேட்டு வாங்கிப் புதைத்திருக்கிறீர்கள்.

அவள் அப்பாவிடம் சொல்லவில்லை. அவளிடமும் சொல்லவில்லை. என் வாயால் சொல்லவும் மாட்டேன். டாக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டும். உங்களைப் பார்த்துத்தான் நாளைக்கு இன்னொருவருக்கு இது கொடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்கள். அந்தக் கணக்கில் உங்கள் பொய்யும் சேர்ந்து கிடக்கிறது. அடுத்த மருந்து நாளில் லிஜா அங்கே வருவாள், கடைசிச் சோதனைக்கு. அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அதுவரைக்கும் எனக்கு எழுத வேண்டாம்.

பகவதி

*

நாகர்கோவில், ஆஸ்பத்திரி
21 ஏப்ரல் 2025

பகவதிக்கு,

நீ சொன்ன இரண்டும் செய்துவிட்டேன். அதனால் எழுதச் சொல்லுகிறேன்.

முதலில் டாக்டர். போன தடவை உனக்கு எழுதின கையோடு சொல்லப் போனேன், துணியாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எந்தெந்த தேதி, அப்பா?" என்று மட்டும் கேட்டாள். மார்ச் பதினாலு, இருபத்தொன்று, இருபத்தெட்டு, ஆறு ஆறு மாத்திரை என்றேன். ஏப்ரலில் நான் தொடவே இல்லை, மீதிப் பெட்டியைச் சுதன் கையில் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். எழுதிக்கொண்டாள். ஆராய்ச்சியில் என் பெயரைத் தனியாக வைப்பார்களாம், இனி மாத்திரை கிடையாது. டிரிப்பும் ஊசியும் நிற்காது.

வயிற்றுப் படமும் வந்திருந்தது. கட்டி பெரிதாகவில்லை. ஈரலில் உள்ள ஒரு பொட்டு கொஞ்சம் சிறுத்திருக்கிறது. "அந்த முப்பது மாத்திரையாலயா மக்கா?" என்று கேட்டேன். அவள் கையை விரித்தாள். "தெரியாது அப்பா. டிரிப்பாலயும் இருக்கலாம், ஊசியாலயும் இருக்கலாம். நீங்க ஒழுங்கா எடுத்திருந்தா உங்கள வச்சு கொஞ்சமாவது தெரிஞ்சிருக்கும். இப்போ தெரிஞ்சுக்க வழியில்ல."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கொன்றது. நான் பிழைத்துக் கிடப்பது உன் மகளாலா இல்லையா என்று சாகும்வரை எனக்குத் தெரியாது. அவளுக்கு நன்றி சொல்லக்கூட நான் வழி வைக்கவில்லை.

பிறகு லிஜா. ஊசி போடுகிற அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் இன்னும் லேசாக வீக்கம். பக்கத்தில் உட்காரச் சொன்னாள். நின்றுகொண்டே சொன்னேன், டீக்கடையிலிருந்து மண்வெட்டி வரைக்கும், சிரட்டையும் சேர்த்து. முடிகிறவரைக்கும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்.

"தென்னமூட்டுலயா மாமா போட்டிய?"

"ஆமா மக்கா."

"அப்போ இந்த வருசம் தேங்கா நல்லா காய்க்கும். எனக்கு ரெண்டு கொண்டுவாங்க."

சிரிக்க ஆரம்பித்தவள்தான், முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. அது சிரிப்பு அல்ல என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. தொடலாமா என்று தெரியவில்லை. கையை அவள் தலைக்கு மேலே கொண்டுபோய், வைக்காமல் எடுத்துவிட்டேன். ஏசுஅடிமை கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். (எழுதுகிறவன்: வைத்திருக்கலாம் என்று சொன்னேன். கேட்டால்தானே.)

எழுந்து போகும்போது ஒன்று சொன்னாள். "சிரட்டை எனக்கு ஓர்ம உண்டு மாமா, மறக்கல. வெளையாட்டுன்னு நான் நெனைக்கல. அம்மா அழக்கூடாதுன்னு சிரிச்சேன்."

ஆறு வயசு, பகவதி.

கணபதியப்பன்

*

இனயம்
3 மே 2025

அண்ணனுக்கு,

அவள் அன்றைக்கு வீட்டுக்கு வந்து எல்லாம் சொன்னாள், அவள் அப்பாவிடமும். அவர் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள், "மச்சான் டாக்டர்கிட்ட ஒத்துக்கிட்டாராம்லா. அதுக்கு ஒரு தைரியம் வேணும் கேட்டியா" என்றார். மன்னித்துவிட்டார் என்று எழுத மாட்டேன். நானும் அப்படி எழுத மாட்டேன். எனக்கே தெரியவில்லை.

இருபத்தைந்து வருசம் அவள் சிரிப்பை நம்பிக்கொண்டிருந்தவள் நான். உங்களால்தான் அது எனக்குத் தெரிந்தது. இதற்கு உங்களைத் திட்டுவதா, என்ன செய்வது?

லிஜா கூப்பிடச் சொல்கிறாள். பள்ளிக்கூடம் லீவு. நீங்கள் வருகிற ஆள் இல்லை என்றேன். கேட்டுப் பாரேன் என்கிறாள். கேட்கிறேன்.

உங்களுக்குச் சங்கடம் வேண்டாம். கருங்கல் சந்தையில் புதுச்சட்டி ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மீன் படாத சட்டி. கஞ்சியும் பயறும் அதில் தனியாக வைத்துத் தருகிறேன். அகப்பையும் புதிது. டம்ளரும் இருக்கிறது.

பகவதி

*

நாகர்கோவில், ஆஸ்பத்திரி
12 மே 2025

பகவதிக்கு,

இன்றைக்கு ஏசுஅடிமைக்கு மருந்தில் விரல் மரத்துப்போகிறது, சுருக்கமாகச் சொல்லும் என்கிறார். சுருக்கமாகவே சொல்லுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சுதன் காரில் கொண்டுவிடுகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். பஸ்ஸில் வருகிறேன். டீக்கடையில் வைகுண்டராஜன் எங்கே போகிறீர் என்று கேட்டான். இனயத்துக்கு, தங்கச்சி வீட்டுக்குச் சோறு தின்ன என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலும் போவேன் என்று இப்போது சொல்கிறேன், அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. என் வாக்கை நானே இப்போது பாதிதான் நம்புகிறேன்.

அந்தப் புதுச்சட்டியை அடுப்பில் ஏற்றாதே. லிஜாவிடம் கொடு, செடி வைக்கட்டும். மூன்று பேரும் எதில் வைத்துத் தின்கிறீர்களோ, அதில் எனக்கும் வை. டாக்டரிடம் கேட்டுவிட்டேன். "எந்தச் சட்டின்னு எனக்கு ஒண்ணும் இல்ல அப்பா, நல்லாக் கொதிச்சிருக்கணும், அவ்வளவுதான்" என்றாள். மீன் தின்பேனா என்று என்னைக் கேட்காதே. எழுபத்தொரு வருச நாக்கு, அதை ஒரே நாளில் திருப்ப முடியாது. சட்டியில் மணம் இருந்தால் இருக்கட்டும்.

தேங்காய் இரண்டு கொண்டுவருகிறேன். அதே தென்னையில் நேற்றுப் போட்டது.

இந்தத் தடவை கருங்கலில் இறங்க மாட்டேன்.

கணபதியப்பன்